மீட்டர் 5.6 காட்டியது

“என் தப்புதாங்ணா, வால்யூமைக் கொஞ்சம் முறுக்கிட்டேன்” என்று, திருவிழாக்களுக்கு சவுண்டு போடும் அந்தத் தம்பி சொன்னபோது, நான் அவருடைய பேஸ் பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து, ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் ஆடிச் சத்தம் எழுப்பும் கூம்பான கோனின் இரு பக்கமும் விரல்களை வைத்து மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோன் அசையவில்லை. மல்ட்டிமீட்டரின் முனைகளை டெர்மினலில் வைத்ததும் 5.6 ஓம் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்ததுமே, அவர் ஒப்புக்கொண்ட தவறு மட்டும் இதற்குக் காரணம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் தலையை நிமிர்த்தாமலேயே, “இனிமே பாத்து வை தம்பி” என்றேன். இது நடந்து இரண்டு திருவிழாக் காலங்கள் போய்விட்டன. அந்த நான்கு சொற்கள் மட்டும் போகவில்லை.

தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: கோனை ஆட்டும் கம்பிச் சுருள்தான் காயில். வால்யூமை அதிகமாக முறுக்கி அதை எரித்திருந்தால் மீட்டரில் எண்ணே வராது, அல்லது இருக்க வேண்டிய அளவிலிருந்து விலகி நிற்கும். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் கருகிய வார்னிஷ் வாடை அடிக்கும். 8 ஓம் ஸ்பீக்கரின் காயிலுக்கு 5.6 என்பது ஆரோக்கியமான அளவு. காயில் உயிரோடு இருக்கிறது, ஆனால் கோன் நகரவில்லை என்றால் ஒன்றுதான் நடந்திருக்க வேண்டும். கோன் தன் எல்லையைத் தாண்டி ஓடி, காயில் சுற்றிய உருளையின் அடி விளிம்பு காந்தத்தின் பின்தட்டில் மோதி நசுங்கி, இடுக்கில் சிக்கிக்கொண்டிருக்கிறது. அன்று இரவு அவர் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். செம்புக் கம்பி புதிது போலவே பளபளத்தது. உருளையின் விளிம்பு, கீழே விழுந்த டம்ளரின் வாய் போல ஒரு பக்கம் மடிந்திருந்தது.

அந்தப் பெட்டியையும் அதன் ஜோடியையும் செய்தவன் நான். காவேரிப்பட்டினம் பக்கம் என் பட்டறையில், 18 மி.மீ. பிளைவுட்டில், 18 அங்குல ஸ்பீக்கர் வைத்து, கீழே காற்றுத் துளை விட்ட பேஸ் பெட்டிகள். ஸ்பீக்கர்களை நானும் அவருமாக பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் வாங்கி வந்தோம். அவர் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போன பணம் அது என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் தெரிந்தது; முன்பே தெரிந்திருந்தால் வேறு விதமாக நடந்துகொண்டிருப்பேனா என்றால், தெரியாது.

துளை விட்ட பெட்டி என்பது வாய் குறுகிய குடத்தின் மேல் ஊதுவது போன்றது. உள்ளே அடைபட்ட காற்றும் துளைக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து ஏதோ ஓர் அதிர்வெண்ணில் ஆடும். அந்த இடத்தில் கோன் ஏறக்குறைய நின்றுவிட, துளைதான் சத்தம் போடும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் இதற்கான கணக்கை ஒழுங்குபடுத்தி வைத்ததால்தான், என்னைப் போன்ற ஐ.டி.ஐ. படித்தவன்கூட ஸ்பீக்கரோடு வரும் தாளில் உள்ள எண்களைக் கணினியில் போட்டுப் பெட்டி அளவை எடுக்க முடிகிறது. அந்த அதிர்வெண் 38 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 38 ஆட்டம், வரும்படி நான் கணக்குப் போட்டேன். பெட்டியைப் பூட்டி அளந்தபோது 44 வந்தது.

இதற்கான காரணமும் எனக்குத் தெரியும். பெட்டி அதிராமல் இருக்க உள்ளே போட்ட குறுக்குக் கட்டைகள் கொஞ்சம் கொள்ளளவைத் தின்றுவிட்டன. துளையின் பின்முனை சுவரில் முட்டும் போல இருந்ததால் அதன் நீளத்தையும் குறைத்திருந்தேன். இரண்டுமே அதிர்வெண்ணை மேலே தள்ளும். அளந்த விதம் இது: 10 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் போட்டு, செல்போனிலிருந்து ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றி, ஸ்பீக்கர் முனைகளில் வோல்ட்டைக் குறித்துக்கொண்டே போனால், இரண்டு மேடுகளும் நடுவில் ஒரு பள்ளமும் கிடைக்கும்; பள்ளம் எங்கே விழுகிறதோ அதுதான் பெட்டியின் அதிர்வெண். மீட்டரை நம்பாமல் ஊதுபத்தி ஒன்றையும் கொளுத்தித் துளைக்கு முன்னால் பிடித்தேன். 38-ல் புகை லேசாக நெளிந்தது. 44-ல் சிதறியது, கோனைத் தொட்டால் பூனை வயிற்றைத் தொட்டது போல மெல்லிய நடுக்கம் மட்டும் இருந்தது. இரண்டு பெட்டியிலும் அதே 44.

திருத்தியிருக்கலாம். துளையைப் பிரித்து நீளமாகச் செய்து ஒட்ட ஒன்றரை நாள் ஆகியிருக்கும். ஆனால் பாட்டைப் போட்டதும், அந்த 44 எனக்குப் பிடித்துவிட்டது. அதிர்வெண்ணை மேலே ஏற்றிய பெட்டி ஐம்பது, அறுபது ஹெர்ட்ஸில் நன்றாக அறையும். நம் பக்கத்துத் திருவிழாவில் ‘பேஸ்’ என்று கேட்பது அதைத்தான். தோழி ஒருத்தியின் சமையலில் உப்பு கூடியது தெரிந்தும் ருசியாக இருக்கிறது என்று சாப்பிடுவது போல, அளவு தப்பியதை ஒரு குணமாகவே எடுத்துக்கொண்டேன். கொடுக்க வேண்டிய விலை எனக்குத் தெரியாததல்ல. அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் பெட்டிக் காற்றின் பிடி விட்டுப்போகும். கோன் வெறும் வெளியில் ஆடுவது போல ஓடும். ஸ்பீக்கரின் முதுகில் ஒட்டியிருக்கும் 1000 வாட் என்ற எண் காயில் எவ்வளவு சூடு தாங்கும் என்பதைச் சொல்லுமே தவிர, கோன் எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதைச் சொல்லாது. முப்பது ஹெர்ட்ஸில், அதில் பாதி வாட்டிலேயே எல்லையைத் தாண்டிவிடக்கூடும்.

அதற்குத்தான் கீழ்வெட்டு, அதாவது ஓர் எல்லைக்குக் கீழே உள்ள அதிர்வெண்களைப் பெட்டிக்கு விடாமல் தடுப்பது. ஒலிக் கருவிகளை அடுக்கிவைக்கும் என் ரேக்கில், சிக்னலைச் சீர்செய்யும் பிராசசரில் 40-க்குக் கீழே வெட்டிவிடும்படி எப்போதும் வைத்திருப்பேன். சோதனையும் அந்த ரேக்கில்தான் நடந்தது. தை மாதம், தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில் இரண்டு பெட்டிகளையும் இறக்கி, திறந்தவெளியில் இரண்டு மணி நேரம் ஓட்டினோம். சுவர் இல்லாத இடத்தில் கேட்டால்தான் பேஸின் நிஜமான அளவு தெரியும் என்பது என் கட்சி. தோப்புக் காவலுக்கு இருந்த பெரியவர் ஓடிவந்து, “பூ பூத்திருக்கிற நேரத்துல இப்படி இடி இடிச்சா பிஞ்சு நிக்குமாப்பா?” என்று சத்தம் போட்டார். கோன் அளவோடு ஆடியது. காந்தத்தின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன், சூடும் அதிகமில்லை. அப்போதுதான் பெட்டிக்குச் சொந்தக்காரரான தம்பி கேட்டார்: “ரெண்டு மூணு மணி நேரம் விடாம ஓடுனா தாங்குமாணா?”

“தாங்கும்” என்றேன்.

பொய் சொல்லவில்லை. அந்தத் தோப்பில், அந்த ரேக்கில், அது தாங்கியது. ஆனால் அவர் கேட்டது அவருடைய ரேக்கில் தாங்குமா என்று. அவருடைய ரேக்கில் மிக்சரும், ஒரு பழைய கிராஸ்ஓவரும், ஆம்ப்ளிஃபயரும் மட்டுமே இருந்தன. அந்தக் கிராஸ்ஓவர் பேஸுக்கு மேலே உள்ளதை வெட்டும்; கீழே உள்ளதைத் தொடாது.

பெட்டிகளை டெம்போவில் ஏற்றிவிட்ட அன்று, “கீழ வெட்டாம ஓட்டாத தம்பி” என்று அவரிடம் சொன்னதாக எனக்கு ஞாபகம். கயிற்றை இறுக்கிக்கொண்டே அவர் தலையாட்டியதும் ஞாபகம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பெட்டி கெட்டுப்போன சமயத்தில் இந்த ஞாபகம் மங்கலாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகி, இப்போது அவர் கையிலிருந்த மஞ்சள் கயிறுகூடத் தெரிகிறது. “கிராஸ்ஓவர் போட்டு ஓட்டு” என்று சொன்னது மட்டும் நிச்சயம். அது வேறு, இது வேறு.

பெட்டி கெட்டுப்போன விழா நடந்தது பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில். பதினெட்டு நாள் பாரதம் முடிந்து, மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடந்ததற்கு மறுநாள் மாலை பாட்டுக் கச்சேரி. கூத்து நடந்த நாள்களில் இந்தப் பெட்டிகளுக்கு வேலையே இல்லை. முகவீணைக்கும் மத்தளத்துக்கும் நடிகர்களின் குரலுக்கும் பழைய பெட்டிகளே போதும். இன்னும் சொல்லப்போனால், கூத்துக்கு பேஸ் போட்டால் வசனம் கெட்டுவிடும் என்பது என் எண்ணம். கச்சேரிக்கோ எல்லாமே தேவைப்பட்டது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதி இருப்பதால், ஒன்பதரைக்கு மேல் விழாக்காரர்களுக்கு ஓர் அவசரம் வந்துவிடும். போலீஸ் வருவதற்குள் இருப்பதையெல்லாம் கேட்டுவிட வேண்டும். “சவுண்டு பத்தல” என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து நின்றிருக்கிறார்கள். அவர் ஏற்றியிருக்கிறார். ஆம்ப்ளிஃபயரில் அளவு மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்ததையும் பார்த்திருக்கிறார். பேட் வாசிக்கிறவர் கடைசிப் பாட்டுக்கு ஒரு கனத்த அடியைப் போட்டார். இரண்டு முறை ‘டக்’கென்று கட்டை தட்டியது போலக் கேட்டது, பிறகு கரகரவென்று, பிறகு ஒன்றுமில்லை.

இதை அவரே சொன்னார். ஒளிக்காமல், சிவப்பு விளக்கு உட்பட. அதனால்தான் எனக்கு வசதியாகிவிட்டது. அவர் முறுக்கியது உண்மை. விளக்கு எரிந்த பிறகும் இறக்காதது தவறு. பக்கத்தில் நின்ற இன்னொரு பெட்டி அதே சிக்னலைத் தாங்கிப் பிழைத்ததே என்றும் எனக்குள் வாதிட்டேன். கீழ்வெட்டு இருந்திருந்தாலும் அவ்வளவு ஏற்றினால் கடைசியில் காயில் எரிந்துதான் போயிருக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். ஆனால் பிரித்துப் பார்த்தபோது காயில் எரிந்திருக்கவில்லை. என் மேசைமேல் கிடந்த சாட்சி அது.

இன்னொன்றும் இருக்கிறது. மறுவாரம் ஸ்பீக்கரைப் பொருத்திக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போனபோது, ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைப் பார்த்தேன். நகம் அளவுக்குச் சின்னச் சின்ன சுவிட்சுகள் வரிசையாக, அவற்றின் பக்கத்தில் 30, 50 என்று எழுதியிருந்தது. கீழ்வெட்டு அந்த ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே இருந்திருக்கிறது, யாரும் போடவில்லை. பேனா முனையால் தள்ளினால் போதும். அவர் டீ எடுத்துவர உள்ளே போயிருந்தார். நான் அதை 50 பக்கம் தள்ளிவிட்டு, ரேக்கைப் பழையபடி சுவரோடு நகர்த்திவைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. அந்தக் கணத்தில் அது அவருக்குச் செய்த உதவி என்றுதான் நினைத்தேன்.

கோனும் காயிலும் சேர்ந்த கிட்டுக்கு 3,800 ரூபாய். அதை அவர் கொடுத்தார். கூலி வேண்டாம் என்றேன். “எதுக்குணா, நீங்க என்ன பண்ணுவீங்க, தப்பு என்னுது” என்று சட்டைப் பையில் 500 ரூபாயைத் திணிக்க வந்தார், கையைப் பிடித்துக்கொண்டேன். பாதிக் கிட்டுக் காசையாவது நான் ஏற்றிருக்க வேண்டும் என்று சில நாள் தோன்றுகிறது. வேறு சில நாள், பட்டறைக்காரன் விற்ற பெட்டிக்கெல்லாம் பொறுப்பேற்றால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்றும் தோன்றுகிறது. இரண்டாவது யோசனை பெரும்பாலும் வாடகை கொடுக்கும் வாரத்தில்தான் வருகிறது.

போன மாசியில் இன்னும் இரண்டு பெட்டி வேண்டும் என்று வந்தார். இம்முறை துளையைக் கணக்குப்படி விட்டேன், 39 வந்தது. அவருக்குப் பழைய பெட்டியின் அறைதான் பிடித்திருந்தது, “இது கொஞ்சம் சாதுவா இருக்குதுணா” என்றார். பெட்டியை ஏற்றுவதற்கு முன், முதுகில் வெள்ளைப் பெயின்ட்டால், ‘40-க்குக் கீழே வெட்டாமல் ஓட்டக் கூடாது’ என்று எழுதினேன். பெயின்ட் காயும் வரை பக்கத்தில் நின்று படித்தார்.

“இது எதுக்குணா?”

“எல்லாப் பெட்டிக்கும் எழுதறதுதான்” என்றேன்.

முதல் இரண்டு பெட்டிகளும் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் இருக்கின்றன. அவற்றின் முதுகில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.