படையைப் போல வரும் புற்றுநோய்

தோல் மருத்துவத்தில் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் எளிதில் பிடிகொடுக்காது. டி லிம்போசைட் எனப்படும் வெள்ளணுக்களிலிருந்து தோலில் உருவாகும் அரிய புற்றுநோய் இது. பிரெஞ்சு மருத்துவர் அலிபேர் 1806-இலேயே இதை விவரித்திருந்தாலும், அவர் கண்டது முற்றிய கட்டிகளை. அந்த நிலையில் ஐயத்துக்கு அதிகம் இடமில்லை. தொடக்கத்திலோ இடுப்பு, பிட்டம், தொடை என்று வெயில் படாத இடங்களில், மெல்லிய செதில் உதிரும் படையாகத்தான் வரும். மாநிறத் தோலில் வெறும் தேமலாகவும் தெரியலாம். எக்சிமா என்னும் தோல் அழற்சிக்கான ஸ்டீராய்டு களிம்பைப் பல ஆண்டுகள் பூசிய பிறகே பலர் வருகிறார்கள். அந்தக் களிம்புக்கு இது ஓரளவு அடங்கவும் செய்யும் என்பதுதான் தொல்லை.

பயாப்ஸிக்கு முன் இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஸ்டீராய்டு களிம்பை நிறுத்தச் சொல்லி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து சதை எடுக்கிறேன். மேல்தோலின் அடிவரிசையை ஒட்டி லிம்போசைட்டுகள், ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு வெளிர் வளையத்தோடு, அணிவகுத்து நிற்பதை ஸ்லைடில் கண்டால் சந்தேகம் வலுக்கும். அப்போதும் அறிக்கை பெரும்பாலும் ‘இருக்கலாம்’ என்றே முடியும். இந்த டி லிம்போசைட்டுகள், புற்றுநோயில் நடப்பதைப் போல, ஒரே செல்லிலிருந்து பெருகிய ஒரே குலமா என்று பார்க்கும் மரபணுப் பரிசோதனை உதவும். ஆனால் சாதாரண அழற்சியிலும் அது சில நேரம் பாசிட்டிவாக வரும். துணிந்து தவறாக எழுதும் நோயியல் நிபுணரைவிட, ‘மீண்டும் எடுத்து அனுப்புங்கள்’ என்று எழுதுபவரையே நான் நம்புகிறேன்.

புற்றுநோய் என்றதும் குடும்பத்தார் கீமோதெரபியைத்தான் கேட்கிறார்கள். களிம்பும் ஒளி சிகிச்சையும் போதும் என்றால், எதையோ மறைக்கிறேனோ என்று பார்க்கிறார்கள். 103 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 1989-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே கதிர்வீச்சையும் கீமோதெரபியையும் சேர்த்துக் கொடுத்தவர்கள், படிப்படியாகத் தோலுக்கு மட்டும் சிகிச்சை பெற்றவர்களைவிட அதிக நாள் வாழவில்லை. பக்கவிளைவுகளில்தான் கூடுதலாக அவதிப்பட்டார்கள். ஆகவே ஆரம்ப நிலையில் வீரியமான ஸ்டீராய்டு களிம்பும், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை 311 நானோமீட்டர் புற ஊதா ஒளியும் என்றே தொடங்குகிறேன்.

நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பை உடலின் ஒரு சதவீதமாகக் கொண்டு படைகளை அளக்கிறோம். மொத்தம் பத்து சதவீதத்துக்குள் அடங்கி, தோலோடு நின்றுவிட்டால், ஆயுள் பெரும்பாலும் அதே வயதுள்ள மற்றவர்களுடையதைப் போன்றதே. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகும் ஒவ்வொரு வருகையிலும், படை தடித்திருக்கிறதா, அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் அனுப்புவதில்லை.