செட்: மூணு வாரமா ஒரே வார்த்தை பின்னாடி

கேரளாவுல பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறைல எங்க வீட்ல தமிழும் மலையாளமும் கலந்துதான் ஓடும், நடுவுல இங்கிலீஷ் வேற. மூணு வாரம் முன்னாடி பொண்ணு பாடம் படிச்சிட்டிருந்தவ, "அப்பா, சூரியன் செட் ஆனா மறையுது, சிமெண்ட் செட் ஆனா இறுகுது, ரெண்டும் ஒரே வார்த்தையாப்பா?"ன்னு கேட்டா. பதில் தெரியல, அன்னைக்கே நோட்டு போட்டுட்டேன்.

மொத வாரம் டிக்ஷனரிய தொடல, காதுல விழுந்தத மட்டும் எழுதினேன். தோட்டத்துல பம்பு செட், காலைல செட் தோசை, ஓணத்துக்கு வீட்ல கட்டற செட்டு முண்டு (ரெண்டு துணி சேர்ந்ததாலதான் அந்தப் பேரு), சினிமா செட், "எனக்கும் அவனுக்கும் செட் ஆகாது", அப்புறம் இங்க பசங்க மலையாளத்துலயும் தமிழ்லயும் எதுக்கெடுத்தாலும் சொல்ற "செட்டு". மொத்தம் 14 வந்துச்சு.

ரெண்டாவது வாரம் டிக்ஷனரி. அலாரம் வைக்கறது, பொறி வைக்கறது, எலும்ப சேர்த்து வைக்கறது, டென்னிஸ்ல ஒரு செட்னு போய்க்கிட்டே இருக்கு. ரம்பப் பல்ல ஒண்ணு விட்டு ஒண்ணு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசா வளைக்கறதுக்கும் செட்னுதான் பேரு, அப்படி வளைச்சாத்தான் அறுக்கும்போது மரத்துல சிக்காது. 1989ல வந்த ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதி ரெண்டாம் பதிப்பு 20 தொகுதி, அதுல மிக நீளமான பதிவு இந்த செட்தான், சுமார் 60,000 வார்த்தை! பின்னாடி திருத்தம் பண்ணினப்ப ரன் (run)ங்கற வார்த்தை இத முந்திடுச்சு, வினையா மட்டும் 645 அர்த்தம்.

ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா தமிழ் போட்டுப் பார்த்து நாலு நாள் வீணாச்சு. வேரத் தேடினதுக்கு அப்புறம்தான் வழி தெரிஞ்சுது. இது ரெண்டு வார்த்தை ஒண்ணா கலந்தது. வினைச்சொல் பழைய இங்கிலீஷ் 'செட்டன்', உக்கார வைக்கறதுன்னு அர்த்தம், சிட் (sit, உக்கார்றது)க்கு செட் எப்படியோ நம்ம அமர்க்கு அமர்த்து அப்படி. கூட்டம், தொகுப்புங்கற செட் லத்தீன் 'செக்டா'ல இருந்து பிரெஞ்சு வழியா வந்தது, ஒரு தலைவர் பின்னாடி போற கூட்டம். அப்ப பொறி, அலாரம், எலும்பு, சிமெண்ட் எல்லாம் அமர்த்தறது பக்கம், செட் தோசையும் செட்டு முண்டும் கூட்டத்துப் பக்கம். கணக்குல வர்ற செட்டையும் தமிழ்ல கணம்னுதான சொல்றோம், பூதகணம்னு சொல்ற அதே கணம், எவ்ளோ பொருத்தம் பாருங்க!

சூரியன்? அதுவும் அமர்றதுதான், பகல் பூரா நடந்துட்டு கீழ உக்காருது. பொண்ணுகிட்ட சொன்னேன், "நம்ம பாட்டி பொழுது அடையுதுன்னு சொல்லுவாங்களே, அது மாதிரியா"ன்னா. கோழி அடையற மாதிரியேதான். அதையும் நோட்டுல எழுதிட்டேன், இப்ப 61ல நிக்குது, பம்பு செட்ட எந்தப் பக்கம் போடறதுன்னு இன்னும் முடிவு பண்ணல.