வசனம் எழுதாமல் ஒரு படம்

11 வருடம் டிவி சீரியலுக்கு வசனம் எழுதினேன். அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போகக் கதைக்கு 22 நிமிடம்தான். ஒவ்வொரு இடைவேளைக்கு முன்னாலும் ஒரு திடுக் வேண்டும். காய்ச்சலாக இருந்தாலும் காலையில் சீன் பேப்பர் ஸ்பாட்டுக்குப் போயாக வேண்டும். தினமும் உட்கார்ந்து எழுதும் பழக்கத்தை அந்த வேலைதான் கொடுத்தது; அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. ஆனால் போகப் போக, எதிரே யார் பேசினாலும் அவர் வாய் திறப்பதற்குள் அவருடைய அடுத்த வசனத்தை என் மனசு எழுத ஆரம்பித்துவிட்டது. யார் பேச்சையும் நான் முழுசாகக் கேட்பதே இல்லை என்பது உறைத்த அன்றுதான் ஆவணப்படம் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

மூடிப்போன ஒரு தியேட்டரின் பழைய ஆபரேட்டர்தான் என் படம். 2,000 அடி ரீல் சுமார் 22 நிமிடம் ஓடும் என்று அவர் சொன்னதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. என் எபிசோடின் அளவு! ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து மறையும். உடனே அடுத்த ரீல் மாட்டியிருக்கும் பக்கத்து புரொஜெக்டரின் மோட்டாரை ஓடவிட வேண்டும். சில வினாடிகளில் இரண்டாவது புள்ளி வரும். அப்போது படத்தை இந்த மெஷினிலிருந்து அந்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எதுவும் தெரியக்கூடாது.

முதல் நாள் படப்பிடிப்பைக் கெடுத்தது நான்தான். அவர் அழகாக ஒன்று சொன்னார். பின்னால் வண்டிச் சத்தம் விழுந்துவிட்டது. "ஐயா, அதையே இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். சொன்னார், அதே வார்த்தைகள்தான். ஆனால் உயிர் இல்லை. என் சீரியல் நடிகர் ஒருவர் பேசுவது போலவே இருந்தது. அன்றிரவு கேள்வித்தாளைக் கிழித்துப் போட்டேன்.

அப்புறம் கேமராவை ஓடவிட்டுச் சும்மா இருக்கப் பழகினேன். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒருநாள் துருப்பிடித்த மெஷின் மேல் கை வைத்தபடி நின்றார், பேசவில்லை. நாலைந்து நிமிடம் போயிருக்கும். அவருடைய வலது கட்டைவிரல் மட்டும் இல்லாத சுவிட்சை அழுத்துவதுபோல மெதுவாக அசைந்தது. படத்தின் நடு மையமே அந்த ஷாட்தான்.

பணத்துக்கு இரவில் சீரியல் எழுதிக்கொண்டே இருந்தேன். படம் எடுக்க அவருடைய ஒப்புதல் கடிதத்தை முதல் நாளே வாங்கிவிட்டதில் பின்னால் நிம்மதி. ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யச் சொல்லித்தந்தவர் சவுண்டுக்காரர். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்டவைத்தது அதுதான். பழைய படத்துண்டு ஒன்றுக்கு உரிமை கேட்டேன். எங்கள் மொத்த பட்ஜெட்டைவிட அதிகமாகக் கேட்டார்கள். சரி என்று விட்டுவிட்டு, அங்கே புரொஜெக்டர் சத்தத்தை மட்டும் வைத்தேன்.

கையில் 60 மணி நேரக் காட்சி. பேசியதையெல்லாம் தட்டச்சு செய்து, வெட்டி, தரையில் பரப்பி வரிசை மாற்றினேன். எழுத்தாளனாக நான் பயன்பட்டது இங்கேதான், ஒரு வார்த்தைகூட எழுதாமல். முதல் கட் 90 நிமிடம். ஆஸ்கரில் குறு ஆவணப்படத்துக்கு டைட்டிலோடு சேர்த்து 40 நிமிடம்தான் வரம்பு. விழாக்களும் ஆளுக்கொரு அளவு வைத்திருக்கின்றன. நான் அதற்காகக் குறைக்கவில்லை. அவர் பேசாத இடங்களை அப்படியே வைத்துக்கொண்டு, என் விளக்கங்களை வெட்டிக்கொண்டே வந்தேன், 38 நிமிடத்தில் நின்றது.

முதலில் அவருக்குத்தான் போட்டுக் காட்டினேன். தன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. கண் வலது மேல் மூலையிலேயே இருந்தது. முடிந்ததும் கேட்டார்: "எப்ப தம்பி ரீல் மாத்துன? புள்ளியே தெரியலையே."