கோட்டாத்துப் பிள்ளையாரு வந்தாச்சா?

சாயங்காலம் அம்மாவுக்கு ஆகாது. இருட்டத் தொடங்கினால் பதற்றம் கூடிவிடும். "வீட்டுக்குப் போணும்" என்று வீட்டுக்குள் நின்றே அழுவார். டிமென்ஷியா என்னும் மறதிநோய் வந்தவர்களில் பலருக்கு இப்படித்தான். அதனால் கூட்டமில்லாத ஒரு காலைப்பொழுதில் நாகர்கோவிலிலிருந்து ஆட்டோ பிடித்துச் சுசீந்திரம் கோயிலுக்குக் கூட்டிப்போனேன்.

கோபுரத்தைக் கண்டதும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். "கோட்டாத்துப் பிள்ளையாரு வந்தாச்சா மக்கா?"

மார்கழித் திருவிழாவின் 3-ம் நாள் இங்கே மக்கள்மார் சந்திப்பு. கோட்டாறு வலம்புரி விநாயகர், வேளிமலை குமாரசுவாமி, மருங்கூர் சுப்பிரமணியர் மூவரும் தாய் தகப்பனைப் பார்க்கச் சுசீந்திரம் வருவார்கள். வந்தால் தேரோட்டம் முடிந்துதான் திரும்புவார்கள். அதைப் பார்க்க, அம்மாவைப் பெற்ற ஆச்சி சின்ன வயதில் அவரை வருஷம் தவறாமல் நடத்தியே கூட்டி வருவாராம். அம்மாவுக்கு இப்போது அந்த மார்கழிதான் நடக்கிறது.

"வந்துகிட்டிருக்காவ அம்மா" என்றேன். இல்லை, இது மார்கழி இல்லை என்று திருத்தப்போனால் பாவம், குழம்பிப்போவார்.

சிவனும் மாலும் அயனும் ஒரே திருமேனியாக இருக்கும் தாணுமாலயன் சன்னதியில் அம்மாவின் கைகள் தாமாகக் கூப்பின. காலையில் சேலை மடிப்பு வைக்கத் தெரியாமல் நின்ற அதே கைகள்! திருநீற்றை வாங்கி, கீழே சிந்தாமல் நெற்றியில் இட்டு, மீதியை என் நெற்றியில் பூசினார். 18 அடி ஆஞ்சநேயர் முன்னால் நகரவே மாட்டேன் என்றுவிட்டார். வெண்ணெய் வாசனை. அண்ணாந்து பார்த்து, "எம்மாடி, என்ன உயரம்!" என்று வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

நேற்று நடந்ததெல்லாம் முதலில் போய்விடும், பழசு ரொம்ப நாள் நிற்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படி நிற்கிற பழசை அம்மாவுக்குள் போட்டுவைத்தது ஆச்சி. நான் அவரைப் பார்த்ததே இல்லை. வழக்கமாக இந்தச் சன்னதியில் கேட்க எனக்கு நிறைய இருக்கும். அன்று ஆச்சிக்காக மட்டும் கும்பிட்டேன்.

பிரகாரத்தில் உட்கார்ந்து பிரசாத வடையைப் பிய்த்து, பெரிய துண்டை என் கையில் வைத்தார். "தின்னு மக்கா. நீ ஆருக்க பிள்ள?"

"உங்க பிள்ளதான் அம்மா."

"அப்படியா, நல்லாயிரு" என்று தலையைத் தடவினார்.

வரும் மார்கழியில் சந்திப்புக் கூட்டத்துக்குள் அம்மாவைக் கொண்டுபோக முடியாது. சரி, அன்று காலையிலேயே கோட்டாற்றுக்குப் போய்விடலாம் என்றிருக்கிறேன். பிள்ளையார் புறப்படுமுன் அவர் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.