தூபா: நாடுகடத்தப்பட்ட நாளைக் கொண்டாடும் ஊர்

செனகல் போகிறவர்கள் பெரும்பாலும் டக்காரில் படகேறி கோரே தீவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடிமை வணிகத்தின் நினைவிடம் அது. கட்டாயம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் கறுப்பின மக்களின் வரலாற்றில் சங்கிலியை மட்டும் பார்த்துவிட்டு விமானம் ஏற எனக்கு மனம் வரவில்லை. கிழக்கே சுமார் 190 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தூபாவுக்குக் கிளம்பினேன்.

ஏழு பேர் ஏறும் பழைய பியூஜோ கார். ஆள் நிரம்பினால்தான் வண்டி எடுப்பார்கள். கண்ணாடியில், டக்கார் கடைகளில் பார்த்த அதே படம்: வெள்ளை உடை, முகத்தைப் பாதி மறைத்த துண்டு, நிழலில் கண்கள். தூபாவை நிறுவிய சூஃபி ஞானி ஷேக் அஹ்மது பம்பா. 1913 வாக்கில் எடுத்த அந்த ஒரு புகைப்படத்தை வைத்துத்தான் சுவரிலும் பஸ்ஸிலும் அவரை வரைகிறார்கள்.

இந்த மண்ணுக்கு இஸ்லாம் புதிதல்ல. செனகல் ஆற்றங்கரையில் ஆண்ட தக்ரூர் அரசர் வார் ஜாபி, பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே முஸ்லிமானவர். 1040 வாக்கில் இறந்தார். அப்படியிருந்தும் காலனி அதிகாரிகள் 'கறுப்பு இஸ்லாம்' என்று தனிப்பெயர் வைத்து, ஏதோ கலப்படச் சரக்கைப் போல எழுதினார்கள். வடக்கே மவுரித்தேனியாவின் அரபு-பெர்பர் மக்களான மூர்களின் அறிஞர்கள் சிலரிடமும் இந்த இளக்காரம் இருந்தது. பம்பா அதற்கு அரபியிலேயே பதில் சொன்னார். 'மஸாலிகுல் ஜினான்' என்ற நெடுங்கவிதையில், எழுதியவன் கறுப்பன் என்பதற்காக இந்நூலை ஒதுக்காதீர்கள் என்கிறார். இறைவனிடம் மேலானவர் இறையச்சம் மிக்கவரே, உடல் கறுத்திருப்பதால் அறிவு குறைந்துவிடாது என்கிறார். குர்ஆனின் 49:13 வசனம்தான் அதற்கு அடிப்படை. கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. அந்த நிமிர்வுக்காகவே நான் தூபாவுக்குப் போனேன் என்று சொல்லலாம்.

அவரிடம் ஆயுதம் இல்லை. கூடிய கூட்டத்தைப் பார்த்தே பிரெஞ்சு அரசு பயந்தது. 1895இல் காபோன் காடுகளுக்கு நாடுகடத்தினார்கள். கப்பலில் தொழ விடாததால் கடல்மேல் பாய் விரித்துத் தொழுதார் என்பது அவர் வழியைப் பின்பற்றும் முரீதுகள் எல்லோரும் சொல்லும் கதை. அந்தக் காட்சியைக் கண்ணாடி ஓவியமாகவும் விற்கிறார்கள். 1902இல் திரும்பினார். அடுத்த ஆண்டே மறுபடி பிடித்து மவுரித்தேனியாவுக்கு அனுப்பினார்கள். 1907இல் விட்ட பிறகும் 1927இல் இறக்கும் வரை கண்காணிப்பில்தான் வைத்திருந்தார்கள்.

பெரிய பள்ளிவாசல் அவர் காலத்துக்குப் பிறகு எழுந்தது, 1963இல் திறந்தார்கள். காசும் உழைப்பும் முரீதுகளுடையவை. நடு மினாராவுக்கு லாம்ப் ஃபால் என்று பெயர், ஏறத்தாழ 87 மீட்டர். உழைப்பையே வழிபாடாக வாழ்ந்த சீடர் இப்ரா ஃபாலின் பெயர் அது. பம்பாவின் அடக்கத்தலம் உள்ளேயே இருக்கிறது. அஸர் தொழுகைக்கு அப்புறம் இளைஞர்கள் வட்டமாக உட்கார்ந்து, அவர் எழுதிய கஸீதாக்களை, அதாவது அரபிப் புகழ்ப்பாக்களை, குரலெடுத்துப் பாடினார்கள். வாத்தியம் எதுவும் இல்லை. ஒருவர் தொடங்க மற்றவர்கள் வாங்கிப் பாடும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது.

இங்கே பெரிய திருவிழா மகால். இஸ்லாமிய ஆண்டின் இரண்டாம் மாதமான ஸஃபரில், பிறை 18 அன்று வரும். அவர் பிறந்த நாளோ விடுதலையான நாளோ இல்லை; காபோனுக்கு நாடுகடத்தும் பயணம் தொடங்கிய நாள். அந்தச் சோதனையில்தான் இறைவன் தனக்கு அருளைத் தந்தான் என்று பம்பா நம்பினார், நன்றி செலுத்தச் சொன்னார். அடக்க நினைத்தவர்கள் குறித்த தேதியையே ஒரு சமூகம் தன் பெருநாளாக்கிக் கொண்டிருக்கிறது. லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். முன்பின் தெரியாதவர்களையும் வீட்டுக்குள் அழைத்துச் சோறு போடுகிறார்கள்.

போகிறவர்களுக்கு: ஊர் எல்லைக்குள் சிகரெட்டும் மதுவும் கூடாது. பெண்கள் தலையை மூடி, நீள உடை அணிய வேண்டும். தங்குவதற்குப் பக்கத்து ஊரான ம்பாக்கே வசதி. தெருவோரத்தில் ஜார் என்ற மணப்பொருள் சேர்த்த தூபா காப்பி விற்பார்கள், மிளகுக் காரம் தொண்டையில் நிற்கும். அதைக் குடிக்காமல் வராதீர்கள்.