வெளிநாட்டில் ஒரு எகனாமிக்ஸ் செமஸ்டர்: பல்கலைக்கழகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எக்ஸ்சேஞ்ச், அதாவது நம் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படிப்பது பற்றிக் கேட்க வரும் ஜூனியர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "அக்கா, பாரிஸ் போகலாமா, பெர்லின் போகலாமா?" என்றுதான். உங்கள் துறை சிலபஸை எடுத்துட்டு வாங்க, பேசலாம் என்பேன். போகப்போகும் செமஸ்டரில் எது கட்டாயப் பேப்பர், எது விருப்பப் பாடம் என்று தெரிந்தால் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

நான் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் வந்து எம்.ஏ. படித்தவள். நடுவில் ஒரு செமஸ்டர் பிரான்சில் படித்தேன். திரும்பி வந்தபோது ஒரு பேப்பர்கூட நிலுவையில் நிற்கவில்லை. காரணம், போவதற்கு முன் இந்த சிலபஸை வைத்துக்கொண்டு செய்த வேலைதான்.

மைக்ரோ, மேக்ரோ, எகனாமெட்ரிக்ஸ், சர்வதேச வர்த்தகம், பொது நிதி இவற்றுக்கெல்லாம் ஐரோப்பாவில் இணையான பாடம் கிடைக்கும். இந்தியப் பொருளாதாரத்துக்குக் கிடைப்பது அரிது. அது கட்டாயப் பேப்பராக வரும் செமஸ்டரில் போனால், வந்த பிறகு தனியாக எழுத வேண்டியிருக்கும். விருப்பப் பாடங்கள் அதிகம் உள்ள செமஸ்டரில் போவதே நல்லது.

அடுத்து நாட்காட்டி. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. நமக்கு ஒரு செமஸ்டர் டிசம்பர் வாக்கில் முடிந்து, அடுத்தது ஜனவரி வாக்கில் தொடங்கும். ஜெர்மனியில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்கால வகுப்புகளே அக்டோபரில்தான் ஆரம்பம். தேர்வு பிப்ரவரிக்குப் போகும். அதற்குள் இங்கே அடுத்த செமஸ்டர் ஓட ஆரம்பித்திருக்கும். மான்ஹைம் பல்கலைக்கழகம் ஒரு விதிவிலக்கு. அங்கே செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் முடிக்கிறார்கள். பிரான்சில் பொதுவாக செப்டம்பரில் தொடக்கம், தேர்வு டிசம்பர் அல்லது ஜனவரி. ஸ்வீடனில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் கடைசித் தேர்வு எந்த வாரம் என்று எழுதி வையுங்கள். சில பெயர்களை அங்கேயே அடித்துவிடலாம்.

மிஞ்சும் இடங்களை ரேங்க்கை வைத்துத் தரம் பிரிக்காதீர்கள். ஒரு செமஸ்டருக்குப் போகிறவருக்கு அந்த எண்ணால் பெரிய பலன் கிடையாது. எந்தத் துறையில் அங்கே ஆழம் இருக்கிறது என்று பாருங்கள். 2014இல் நோபல் வாங்கிய ழான் திரோல் இருக்கும் பிரான்சின் துலூஸ், நிறுவனங்களின் போட்டி, ஒழுங்குமுறை இவற்றைப் படிக்க விரும்புவோருக்கான இடம். சமத்துவமின்மையில் ஆர்வமென்றால் அதை ஆராயும் தோமா பிக்கெட்டி இருக்கும் பாரிஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ். ஆட்களை வைத்துப் பரிசோதனை செய்து பார்க்கும் சோதனைப் பொருளாதாரத்துக்கு ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம். 1994இல் நோபல் பெற்ற ரைன்ஹார்ட் செல்டன் அங்கே ஆய்வுக்கூடமே நிறுவினார். உங்கள் துறைக்கு இவற்றோடு ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒப்பந்தம் உள்ள இடங்களில் யார் என்ன ஆராய்கிறார்கள் என்று துறைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

பிறகு, பாடப் பக்கத்தை வரி விடாமல் படிக்க வேண்டும். நான் எடுத்த தொழில்துறைப் பொருளாதாரத்தின் பக்கத்தில் நாலைந்து வரிதான் இருந்தது: 6 ஈ.சி.டி.எஸ். (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் கிரெடிட் கணக்கு), வாரம் ஒரு விரிவுரை, ஒரு 'தே.தே.', கேம் தியரி தெரிந்திருக்க வேண்டும், பயிற்று மொழி ஆங்கிலம். இதில் தே.தே. என்பது சின்னக் குழுவாக உட்கார்ந்து கணக்குப் போடும் வகுப்பு. எவ்வளவு உற்பத்தி செய்வது என்பதில் நிறுவனங்கள் போட்டி போடும் கூர்னோ மாடலில், இரண்டு நிறுவனங்களுக்கு எதிர்வினைச் சார்பு எழுதி, சமநிலையைப் போர்டில் வந்து காட்டு என்று கூப்பிடுவார்கள். வகைக்கெழு கை வந்திருக்க வேண்டும். தியரி எழுதியே மார்க் வாங்கிப் பழகியவர்கள் போவதற்கு முன்னால் கணிதத்துக்கும், ஆர் அல்லது ஸ்டாட்டா என்ற புள்ளியியல் மென்பொருளுக்கும் நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

ஒரு செமஸ்டருக்கு முழுச் சுமை 30 ஈ.சி.டி.எஸ். ஒரு கிரெடிட்டுக்கு, சொந்தமாகப் படிப்பதும் சேர்த்து, 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. எங்கள் துறை 4 கிரெடிட் பேப்பருக்கு 6 ஈ.சி.டி.எஸ். என்று ஏற்றுக்கொண்டது. உங்கள் துறையில் என்ன விகிதம் என்று எழுத்தில் வாங்குங்கள். அங்கே எடுக்கப்போகும் பாடங்களை எழுதும் லேர்னிங் அக்ரிமென்ட்டில் நீங்கள், நம் துறை, அந்தத் துறை மூவரும் கையெழுத்திட வேண்டும். அதில் இரண்டு மாற்றுப் பாடங்களையும் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்று வையுங்கள். அங்கே போன பிறகு ஒரு வகுப்பும் இன்னொன்றும் ஒரே நேரத்தில் வருவது சகஜம்.

மொழி விஷயத்தில் புதுச்சேரிக்காரர்களுக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை. 1889 முதல் இயங்கும், பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் பக்கத்திலேயே இருக்கிறது. பள்ளியிலேயே பிரெஞ்சு எடுத்தவர்களும் ஏராளம். பிரான்சில் ஆங்கில வழிப் பாடங்கள் மாஸ்டர் நிலையில்தான் அதிகம். பி.ஏ. மாணவர்கள் பிரெஞ்சு வழிப் பாடம் எடுக்க, பெரும்பாலும் மொழித்திறனில் பி2 நிலை கேட்பார்கள். பிரெஞ்சு மொழித் தேர்வான டெல்ஃப்பின் சான்றிதழ் காலாவதி ஆகாது. முதலாம் ஆண்டிலேயே எழுத ஆரம்பித்துவிடுங்கள்.

பிரான்சில் 90 நாளுக்கு மேல் படிப்பதென்றால் விசாவுக்கு முன்னால், வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரெஞ்சு அரசு அமைப்பான காம்பஸ் பிரான்ஸின் நேர்காணல் உண்டு. ஏன் இந்த இடம், ஏன் இந்தப் பாடம் என்றுதான் கேட்பார்கள். பாடப் பக்கங்களைப் படித்தவருக்கு அது பெரிய விஷயமே இல்லை.

பணம்: ஒப்பந்த எக்ஸ்சேஞ்ச் என்றால் அங்கே கல்விக் கட்டணம் இல்லை, இங்கேதான் கட்டுவோம். செலவெல்லாம் அறைக்கும் சாப்பாட்டுக்கும்தான். பிரான்ஸ் விசாவுக்கு மாதம் 615 யூரோ கையிருப்புக் காட்டச் சொல்வார்கள்; பாரிசில் அது வாடகைக்கே சரியாகப் போகும், சின்ன நகரத்தில் ஓரளவு தாங்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்ட நிதியோடு வரும் ஒப்பந்தம் உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறதா என்று சர்வதேச உறவு அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். வீட்டில் கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால் இந்த ஒரு விஷயத்தை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

மார்க் விஷயம் ஒன்று பாக்கி. பிரான்சில் 20க்கு 10 எடுத்தால் தேர்ச்சி; 14 நல்ல மார்க், 16 மிக நல்ல மார்க். அதை அப்படியே ஐந்தால் பெருக்கினால் 14 என்பது இங்கே வெறும் 70 ஆகிவிடும், உங்கள் சி.ஜி.பி.ஏ. அநியாயமாக இறங்கும். மாற்று அட்டவணை என்ன என்று தேர்வுப் பிரிவில் கேட்டு, கையெழுத்தோடு ஒரு பிரதி வாங்கிய பிறகே விமான டிக்கெட் போடுங்கள்.