நம்பரை மட்டும் சொல்லுங்க

வலைப்பக்க அனிமேஷனுக்கு ஒருகாலத்தில் பயன்பட்ட ஃப்ளாஷ் மென்பொருளில், ஃபிரேம்களை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் ட்வீன் (ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அசைவு) ஓடும் ஒரு கிளிப்பைக் கோட் ஒருமுறை நகர்த்திவிட்டால், அதன்பிறகு டைம்லைன் அதை அசைக்காது. கிடைமட்ட இடத்தைச் சொல்லும் எக்ஸ் மதிப்பை ஒரே வரியில் மாற்றினால் போதும். பிழைச்செய்தி எதுவும் வராது. டிசைனர் 12 ஃபிரேமில் செதுக்கிய துள்ளல் மட்டும் நின்றுபோயிருக்கும்.

தகராறு இதில்தான் தொடங்கியது. "என் அனிமேஷன் ஓடல" என்றார் டிசைனர். "அனிமேஷன்ல கையே வைக்கலையே, மெனுவை 40 பிக்சல் தள்ளி வெச்சோம், அவ்வளவுதான்" என்றது புரோகிராமர்களான எங்கள் தரப்பு. இரண்டுமே உண்மை.

இதற்கு வழி உண்டு. துள்ளும் கிளிப்பை இன்னொரு கிளிப்புக்குள் போட்டு, கோட் கூப்பிடும் இன்ஸ்டன்ஸ் பெயரை வெளிக் கிளிப்புக்குக் கொடுக்க வேண்டும். வெளியே இருப்பதைக் கோட் நகர்த்தும், உள்ளே இருப்பதை டைம்லைன் ஆட்டும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் துள்ளலையே கோடுக்கு மாற்றினோம்.

காரணம் இல்லாமல் இல்லை. ஃப்ளாஷின் கோட் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2 காலத்தில் டிசைனர்கள் பட்டன் மேலேயே 'ஆன் ரிலீஸ்' (அழுத்தி விட்டதும் என்ன நடக்க வேண்டும் என்ற கோட்) எழுதிவிடுவார்கள். தனியாக ஓட்டினால் எல்லாம் சரியாக இருக்கும். அதே கோப்பை ஒரு ஷெல்லுக்குள் (மற்ற கோப்புகளை ஏற்றும் தாய்க் கோப்பு) லோட் செய்ததும், கோடில் மேல்மட்ட டைம்லைனைச் சொல்லும் 'ரூட்' என்பது ஷெல்லைக் குறிக்கும்; பட்டன் எங்கோ தாவும். எந்தப் பட்டனுக்குள் எந்த வரி என்று தேடியே நாள் போகும். 2006-இல் வந்த ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 பட்டன் மேல் கோட் எழுதுவதையே நிறுத்திவிட்டது. ஃபிரேம் வேகம் இன்னொரு தொல்லை. 12 ஃபிரேம் துள்ளல், நொடிக்கு 12 ஃபிரேம் வேகத்தில் ஒரு நொடி ஓடும். உதட்டசைவுக்காகக் கோப்பை 24-க்கு ஏற்றினால் அரை நொடியில் முடிந்துவிடும். நொடிக்கணக்கில் எழுதிய கோட் மாறாது. ஆக, முடிவு சரிதான்.

சரிதானா? கோட் ட்வீனும் பாதியில் நின்றது. ட்வீனை ஃபங்ஷனுக்குள், அது முடிந்ததும் மறைந்துவிடும் லோக்கல் வேரியபிளாக வைத்திருந்தோம். பயன்படாததை நினைவகத்திலிருந்து அகற்றும் கார்பேஜ் கலெக்டர் வந்து எடுத்துப்போய்விட்டது. ஃபங்ஷன் முடிந்தாலும் நிலைத்திருக்கும்படி கிளாஸ் அளவில் வைத்ததும் தீர்ந்தது. எங்கள் தவறு என்பதால் அது தகராறாகவே இல்லை, 'பக்' ஆகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் டிசைனரோடு அந்தப் பேச்சு.

"கொஞ்சம் கம்மியா துள்ளணும்."

"நம்பரை மட்டும் சொல்லுங்க, மாத்திடுறோம்."

ராபர்ட் பென்னர் எழுதிய 'பேக்' ஈசிங்கில் (அசைவின் வேகத்தை மாற்றும் சூத்திரம்) துள்ளலை முடிவு செய்வது ஓர் எண்; வழக்கமாக 1.70158. பொருள் நகரும் தூரத்தில் 10% அளவு அது தாண்டிப் போய்த் திரும்பும். சுழியம் கொடுத்தால் துள்ளலே இருக்காது. இவ்வளவும் டிசைனருக்குச் சொல்லப்பட்டது, மரியாதையாகத்தான். ஆனால் அவர் எண்ணால் யோசிக்கிறவர் அல்ல. டைம்லைனில் எந்த ஃபிரேம் என்று காட்டும் பிளேஹெட்டை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்து, ஏழாவது ஃபிரேமில் ஒரு கீஃபிரேமை (நிலையைக் குறித்துவைக்கும் ஃபிரேம்) இரண்டு பிக்சல் நகர்த்துகிறவர். இப்போது ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு எண்ணை ஊகித்து, நாங்கள் மறுபடி தொகுத்துத் தரும் அடுத்த பில்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

எண்ணை எக்ஸ்எம்எல் என்ற உரைக் கோப்பில் வைத்து அவரிடமே கொடுத்திருக்கலாம். 1.2 என்பதை 1,2 என்று அடித்துவிட்டால் எண்ணே கிடைக்காது என்ற பயம். காற்புள்ளியைச் சோதிக்க ஒரு வரி போதும், அதையும் எழுதவில்லை.

இதில் இன்னொன்று எங்களுக்குப் படவே இல்லை. 10% என்பது தூரத்தைப் பொறுத்தது. 60 பிக்சல் நகரும் பட்டன் 6 பிக்சல் துள்ளும், 600 நகரும் பேனல் 60 துள்ளும். எங்களுக்கு இரண்டும் ஒரே எண், அதனால் ஒரே துள்ளல். அவர் கண்ணுக்குப் பட்டன் துள்ளியது, பேனல் ஆடியது. "கொஞ்சம் கம்மியா" என்று அவர் சொன்னது பேனலை மட்டும். நாங்கள் இரண்டையும் குறைத்தோம், பட்டன் செத்துப்போனது.

பேனலுக்குத் தனி எண் வேண்டும் என்று மூன்றாவது பில்டுக்குப் பிறகுதான் கேட்டார். டைம்லைனில் இருந்திருந்தால் யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்.